விளையாட்டுப் பெட்டியா, கணிப்பொறியா? – ஒரு பொருளியல் நோக்கு

மூன்றாம் ஆண்டு, இளங்கலைப் பொருளியல்

கணிப்பொறி விளையாட்டு நல்லதா, தீயதா என்னும் பட்டிமன்றம் நம் கல்லூரிகளில் பலமுறை நடந்தாயிற்று. இக்கட்டுரை அதற்குள் புகவில்லை. விளையாடுவது என்று முடிவு செய்துவிட்ட ஒருவன், கையில் ஏறக்குறைய ஐம்பதாயிரம் ரூபாயுடன் நிற்கிறான் என்று கொள்வோம். அவன் முன் இரு வழிகள் உள்ளன. ஒன்று, தொலைக்காட்சியுடன் இணைத்து விளையாடும் கன்சோல் எனப்படும் விளையாட்டுப் பெட்டியை வாங்குவது. மற்றொன்று, வீட்டில் இருக்கும் கணிப்பொறிக்குப் புதிய உறுப்புகள் சேர்த்து அதன் திறனைக் கூட்டுவது. இவற்றுள் எதைக் கொள்வது? மாணவர் விடுதியில் இக்கேள்விக்கு வரும் விடைகள் பெரும்பாலும் கட்சிப் பற்றைப் போன்றவை. வகுப்பில் நாம் படிக்கும் பொருளியலை இங்கே பொருத்திப் பார்த்தால் என்ன கிடைக்கும் என்பதே என் முயற்சி.

முதலில் ஒரு கோட்பாடு. நுகர்வோர் பண்டங்களை விரும்புவதில்லை, பண்டங்களில் அடங்கிய பண்புகளையே விரும்புகின்றனர் என்று கெல்வின் லங்காஸ்டர் என்னும் அறிஞர் 1966-இல் எழுதினார். இதன்படி கன்சோலும் கணிப்பொறியும் வெறும் இரு பதிலீட்டுப் பண்டங்கள் அல்ல. ஒன்றில் விளையாட்டு என்னும் பண்பு மட்டுமே உண்டு. மற்றொன்றில் தட்டச்சு, கணக்கு, வேலைக்கு விண்ணப்பம், ஆய்வேட்டுத் தயாரிப்பு எனப் பல பண்புகள் கலந்துள்ளன. இக்கருத்தை நினைவில் வைத்துக்கொண்டால், பின்னால் ஒரு பெரிய மயக்கம் தெளியும்.

பழைய போட்டி

இந்தப் போட்டி இன்று பிறந்ததன்று. அமெரிக்காவில் 1977-இல் அட்டாரி நிறுவனம், காட்ரிட்ஜ் மாற்றி மாற்றி விளையாடும் பெட்டி ஒன்றை 199 டாலருக்கு விற்கத் தொடங்கியது. அதில் இருந்த நினைவகம் 128 பைட் மட்டுமே. இந்தப் பத்தியின் ஒரு வரியைக் கூட அதில் அடக்க முடியாது. அடுத்த சில ஆண்டுகளில் காமடோர் நிறுவனம் வீட்டுக் கணிப்பொறிகளைக் கொண்டுவந்தது. விஐசி-20 என்னும் அதன் பொறிக்கு வில்லியம் ஷாட்னர் என்னும் நடிகர் விளம்பரத்தில் தோன்றி, வெறும் விளையாட்டுப் பெட்டி வாங்குவானேன் என்ற பொருளில் பெற்றோரைக் கேட்டார். பிள்ளை படிக்கவும் ஆகும், விளையாடவும் ஆகும் என்பதே வாதம். நம் வீடுகளில் அப்பாவிடம் கணிப்பொறி கேட்கும்போது நாம் சொல்வதும் இதுதானே!

1982-இல் 595 டாலருக்கு வந்த காமடோர் 64 அடுத்த ஆண்டிலேயே ஏறத்தாழ 200 டாலருக்கு இறங்கியது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் தன் வீட்டுக் கணிப்பொறியை 99 டாலர் வரை இறக்கிப் பார்த்து, தாங்க முடியாமல் 1983 அக்டோபரில் அந்தத் தொழிலையே விட்டு விலகியது. காமடோர் 64 ஒரு கோடிக்கும் மேல் விற்றது. அவற்றில் பெரும்பாலானவை எதற்குப் பயன்பட்டிருக்கும் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம்.

அதே காலத்தில் அமெரிக்கக் கன்சோல் சந்தை விழுந்தது. 1983-இல் சுமார் 320 கோடி டாலராக இருந்த வணிகம் 1985-இல் 10 கோடி டாலருக்குச் சுருங்கியது. கணிப்பொறியின் விலை வீழ்ச்சி ஒரு காரணம். மற்றொரு காரணம், அட்டாரி பெட்டிக்கு யார் வேண்டுமானாலும் காட்ரிட்ஜ் செய்து விற்க முடிந்ததால் தரமற்ற விளையாட்டுகள் கடைகளில் குவிந்தமை. விற்காத காட்ரிட்ஜுகளை அட்டாரி நிறுவனம் நியூ மெக்சிகோ மாநிலத்தில் அலமகோர்டோ என்னும் ஊரின் குப்பைக் கிடங்கில் புதைத்தது. 2014-இல் அவற்றைத் தோண்டி எடுத்தார்கள்.

இதிலிருந்து நிண்டெண்டோ என்னும் ஜப்பானிய நிறுவனம் கற்றுக்கொண்ட பாடமே இன்றைய கன்சோலின் விலைக்கு அடிப்படை. 1985-இல் அமெரிக்காவுக்கு வந்த அதன் பெட்டிக்குள் ஒரு பூட்டுச் சில்லு இருந்தது. நிறுவனத்தின் உரிமம் பெற்ற காட்ரிட்ஜ் மட்டுமே அதில் ஓடும். உரிமத்துக்குக் கட்டணம் உண்டு. ஜப்பானில் 1983-இல் விற்ற முதற் பெட்டியில் இந்தப் பூட்டு இல்லை. 1990-களில் நம் ஊர்க் கடைகளில் 'டி.வி. கேம்' என்ற பெயரில் விற்றவற்றுள் பெரும்பாலானவை அந்த ஜப்பானியப் பெட்டியின் நகல்களே. ஒரே காட்ரிட்ஜில் நூற்றுக்கணக்கான விளையாட்டுகள் மலிவாகக் கிடைத்தது பூட்டின்மையால்தான். நம் அண்ணன்மார் மனத்தில் கன்சோல் என்றால் மலிவு என்று பதிந்திருப்பதற்கு இது காரணமாகலாம். அந்த மலிவு இன்றைய கன்சோலுக்குப் பொருந்தாது.

பெட்டி மலிவு, உள்ளே போடுவது விலை

பேனாவும் மையும் இணைப்புப் பண்டங்கள் என்று முதலாண்டில் படித்தோம். கன்சோலும் விளையாட்டும் அவ்வாறே. பேனாவை அடக்க விலைக்கும் கீழே விற்று, மையில் இலாபம் காணும் உத்தி இங்கே முழுமையாகச் செயற்படுகிறது. சோனி நிறுவனத்தின் பிளேஸ்டேஷன் 3 2006-இல் வெளிவந்தபோது, அதைப் பிரித்துப் பார்த்து மதிப்பிட்ட ஐசப்ளை என்னும் ஆய்வு நிறுவனம், 60 ஜி.பி. வகைக்கு ஏறக்குறைய 840 டாலர் அடக்கம் ஆகிறது என்றது. விற்பனை விலையோ 599 டாலர். தம் எக்ஸ்பாக்ஸ் பெட்டிகளை ஒருபோதும் இலாபத்துக்கு விற்றதில்லை என்று மைக்ரோசாப்ட் அலுவலர் ஒருவர் 2021-இல் அமெரிக்க நீதிமன்றத்தில் சாட்சியம் அளித்தார்.

இந்த இழப்பை ஈடு செய்வது யார்? விளையாட்டு வாங்குபவரே. விற்பனையாகும் ஒவ்வொரு விளையாட்டிலும் ஒரு பங்கு கன்சோல் நிறுவனத்துக்குச் செல்கிறது. இணையக் கடைகளில் இப்பங்கு பொதுவாக நூற்றுக்கு 30. ஒரு பக்கம் ஆட்டக்காரரையும், மறுபக்கம் விளையாட்டு ஆக்குவோரையும் ஈர்த்து, ஒரு பக்கத்துக்கு விலை குறைத்து மறுபக்கத்தில் வசூலிக்கும் இத்தகைய சந்தையை 'இருபக்கச் சந்தை' என்பர். இதனை ஆராய்ந்த ரோஷே, திரோல் ஆகிய பிரெஞ்சுப் பொருளியலார் 2003-இல் எழுதிய கட்டுரையில் விளையாட்டுப் பெட்டிகளும் எடுத்துக்காட்டாக வருகின்றன. திரோலுக்கு 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது.

கணிப்பொறியில் இந்த ஏற்பாடு இல்லை. கிராபிக்ஸ் கார்டு செய்பவருக்கு நாம் வாங்கும் விளையாட்டில் பங்கு கிடையாது. எனவே அவர் தம் இலாபம் முழுவதையும் கார்டின் விலையிலேயே எடுத்தாக வேண்டும். ஒரே அளவு திறனுக்குக் கணிப்பொறி உறுப்புகள் விலை கூடுதலாகத் தோன்றுவதன் காரணம் இதுவே. மாறாக, விளையாட்டு விற்கும் கடைகள் பல உண்டு. அவை தமக்குள் போட்டியிடுகின்றன. ஸ்டீம் கடை பருவந்தோறும் தள்ளுபடி தருகிறது. எபிக் நிறுவனம் 2018-இல் கடை திறந்தது முதல் விளையாட்டுகளை இலவசமாகவே வழங்கி ஆள் சேர்க்கிறது.

இன்னொரு செலவும் உண்டு. கன்சோலில் பிறருடன் இணையவழி விளையாட ஆண்டுச் சந்தா கட்ட வேண்டும். சோனி இதனைப் பிளேஸ்டேஷன் 4 வந்த 2013-இல் கட்டாயமாக்கியது. அடிப்படை விலையே இல்லாத போர்ட்நைட் போன்ற விளையாட்டுகளுக்கு மட்டும் விலக்கு. கணிப்பொறியில் இச்சந்தா இல்லை.

ஒரு கணக்கு

வாய்ச்சொல்லை விட்டுக் கணக்குக்கு வருவோம். கீழே வரும் தொகைகள் எளிமைக்காக நான் எடுத்துக்கொண்டவை. கடைவிலை வாரத்துக்கு வாரம் மாறுவதால், வாசகர் தாம் விசாரித்த விலைகளை இதே இடங்களில் போட்டுப் பார்த்துக்கொள்க.

காலம் நான்கு ஆண்டுகள். ஆண்டுக்கு நான்கு விளையாட்டுகள் வீதம் பதினாறு. டிஸ்க் போடும் வசதியுள்ள கன்சோல் 50,000 ரூபாய். சந்தா ஆண்டுக்கு 3,500 வீதம் 14,000. விளையாட்டு ஒன்று சராசரி 3,500 வீதம் 56,000. மொத்தம் 1,20,000. நான்கு ஆண்டு முடிவில் பெட்டியை 20,000-க்கு விற்கலாம். டிஸ்குகளை ஆடி முடித்ததும் ஒன்று 1,500 வீதம் விற்றால் 24,000 திரும்பும். நிகரச் செலவு 76,000.

கணிப்பொறிக்கு வருவோம். கிராபிக்ஸ் கார்டு 25,000, மின்வழங்கியாகிய எஸ்.எம்.பி.எஸ். 5,000, பிராசசர் 12,000, ஆக 42,000. விளையாட்டு ஒன்று தள்ளுபடியில் 1,800 வீதம் பதினாறுக்கு 28,800. மொத்தம் 70,800. இறுதியில் கார்டை 10,000-க்கு விற்கலாம். இணையக் கடையில் வாங்கிய விளையாட்டை மறுவிற்பனை செய்ய முடியாது. நிகரச் செலவு 60,800.

கணிப்பொறி வென்றது என்று கைதட்ட வேண்டா. தனியாகவே விளையாடுபவன் சந்தா கட்டத் தேவையில்லை. அந்த 14,000-ஐக் கழித்தால் கன்சோலின் செலவு 62,000. இரண்டும் ஏறக்குறையச் சமம். விலையில்லா விளையாட்டு ஒன்றையே ஆண்டு முழுவதும் ஆடுபவனுக்குக் கன்சோல் 30,000, கணிப்பொறி 32,000. மீண்டும் சமம்.

இனி, டிஸ்க் வசதி இல்லாத கன்சோல். பிளேஸ்டேஷன் 5 இந்தியாவில் 2021 பிப்ரவரியில் வந்தபோது டிஸ்க் வகை 49,990 ரூபாய், டிஸ்க் இல்லா வகை 39,990. பத்தாயிரம் குறைவு என்று பலர் மகிழ்ந்தனர். நம் கணக்கில் 40,000 போட்டு, மறுவிற்பனை 16,000 என்று கொண்டால் நிகரச் செலவு 94,000 ஆகிறது. பத்தாயிரம் மிச்சம் பிடித்தவன் முடிவில் பதினெட்டாயிரம் கூடுதலாகக் கொடுக்கிறான். இணையக் கடையிலும் தள்ளுபடி உண்டு என்பதால் இவ்வேறுபாடு சற்றுக் குறையலாம். ஆனால் பழைய டிஸ்க் வாங்கவும் விற்கவும் உள்ள உரிமை பெரிய சொத்து. 2013-இல் மைக்ரோசாப்ட் தன் புதிய பெட்டியில் பழைய டிஸ்குகளுக்குக் கட்டுப்பாடு வைப்பதாக அறிவித்து, எதிர்ப்புத் தாங்காமல் அடுத்த மாதமே பின்வாங்கியதை இங்கு நினைக்கலாம். ஆட்டக்காரர்கள் பொருளியல் படிக்காமலே அதன் மதிப்பை அறிந்திருந்தனர்!

'அப்கிரேடு' என்பது எவ்வளவு?

மேற்கண்ட கணக்கில் 42,000 என்று எழுதினேன். உண்மையில் இந்த எண்தான் எல்லாவற்றையும் விட ஆபத்தானது. கணிப்பொறியின் உறுப்புகள் ஒன்றையொன்று பிடித்து நிற்பவை. கிராபிக்ஸ் கார்டு மட்டும் வாங்கினால் போதும் என்று தொடங்குபவன் பல வேளைகளில் முழுப் பொறியையும் மாற்றி முடிக்கிறான்.

பிராசசர் ஒவ்வொரு காட்சியிலும் யார் எங்கே நிற்கிறார், எது எதன்மேல் மோதுகிறது என்று கணக்கிட்டுத் தருகிறது. கார்டு அதைப் படமாக வரைகிறது. நொடிக்கு 60 படம் வேண்டுமானால் ஒவ்வொரு படத்துக்கும் இருவருக்கும் கிடைக்கும் நேரம் 16.7 மில்லி நொடி. கல்யாணச் சமையலில் காய் நறுக்குபவர் இருவர் மட்டும் இருக்க, அடுப்பை ஐந்தாகக் கூட்டினால் பந்தி விரைவாக நடக்குமா? பழைய பிராசசருடன் விலையுயர்ந்த கார்டைச் சேர்ப்பதும் அவ்வாறே. இதை வாங்குமுன் சோதிக்க எளிய வழி உண்டு. கைவசமுள்ள விளையாட்டில் படத்தின் நுணுக்க அளவை மிகக் குறைத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். நொடிக்கு வரும் படங்களின் எண்ணிக்கை நன்றாக உயர்ந்தால் தடை கார்டில் இருந்தது. உயரவில்லையாயின் தடை பிராசசரில்தான். பின்னதற்குப் புதிய கார்டு மருந்தாகாது.

பிராசசரை மாற்றலாமே என்றால், அது மதர்போர்டில் அமரும் சாக்கெட்டைப் பொறுத்தது. ஏஎம்டி நிறுவனம் ஏஎம்4 என்னும் ஒரே சாக்கெட்டை 2017 முதல் பல தலைமுறைகளுக்கு வைத்திருந்தது. 2018-இல் வாங்கிய போர்டு பலவற்றில் பயாஸ் புதுப்பித்து, 2022-இல் வந்த பிராசசரை மாட்ட முடியும். இன்டெல் நிறுவனமோ 2015-க்கும் 2024-க்கும் இடையில் பலமுறை மாற்றிவிட்டது. ரேமும் அப்படியே. டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 ஆகியவற்றில் ஒன்று இருந்த இடத்தில் மற்றொன்று நுழையாது.

நம் மாணவர் பலரிடம் இருப்பது அலுவலகங்களில் கழித்துவிட்டு, சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் பழுது பார்த்து விற்கும் மெல்லிய பெட்டிக் கணிப்பொறி. படிப்புக்கு அது தங்கம். விளையாட்டுக்கு உயர்த்த நினைத்தால் மூன்று சுவர்கள் எதிர்ப்படும். பெட்டி ஒடுக்கமானது, முழு உயரக் கார்டு உள்ளே போகாது. எஸ்.எம்.பி.எஸ். அந்தந்த நிறுவனத்தின் தனி வடிவில் இருப்பதால் கடையில் கிடைப்பதைப் பொருத்த முடியாது. அதன் திறனும் பெரும்பாலும் 250 வாட்டுக்கு உட்பட்டது. ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு ஒன்றே 170 வாட் கேட்கும். ஜிடிஎக்ஸ் 1650 போல 75 வாட்டில் அடங்கும் குட்டைக் கார்டுகளே இத்தகைய பெட்டிக்குப் பொருந்தும். அவற்றின் திறன் கன்சோலின் அருகில் வராது. மடிக்கணினி வைத்திருப்போர் இப்பகுதியைப் படிக்கவே தேவையில்லை. 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லாத் திட்டத்தில் வந்ததாயினும் கடையில் வாங்கியதாயினும், அதில் ரேமும் சேமிப்பகமும் கூட்டலாம், கிராபிக்ஸ் கார்டைப் பொதுவாக மாற்ற முடியாது.

நான்காவதாக ஒரு சுவரும் அண்மையில் எழுந்துள்ளது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11 இன்டெல்லின் எட்டாம் தலைமுறைக்கு முந்திய பொறிகளைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. வேலரண்ட் போன்ற விளையாட்டுகள் விண்டோஸ் 11-இல் டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பையும் கேட்கின்றன.

ஆகவே அப்கிரேடு என்னும் ஒரே சொல் இரு வேறு செலவுகளைக் குறிக்கிறது. நல்ல போர்டும் விசாலமான பெட்டியும் உள்ளவனுக்கு அது 30,000 அல்லது 40,000. கழித்த பொறி உள்ளவனுக்கு அது 75,000, ஏனெனில் அவன் வாங்குவது புதுக் கணிப்பொறி. நம் கணக்கில் 75,000 போட்டு, இறுதியில் 20,000-க்கு விற்பதாகக் கொண்டால் நிகரச் செலவு 83,800. கன்சோல் இப்போது முந்துகிறது. "ஏற்கெனவே இதற்கு இவ்வளவு கொட்டியாயிற்று, இன்னும் கொஞ்சம் போட்டால் என்ன" என்று சொல்வாரும் உளர். கொட்டியது மூழ்கிய செலவு. இன்று எடுக்கும் முடிவில் அதற்கு இடமில்லை.

காத்திருந்தால் மலியுமா?

மலியும் என்பது பழைய அனுபவம். பிளேஸ்டேஷன் 2 2000-இல் 299 டாலர், 2002-இல் 199, 2004-இல் 149. இப்போதைய தலைமுறையில் விதி தலைகீழாயிற்று. 2021-இல் 49,990 ரூபாயாக இருந்த பிளேஸ்டேஷன் 5 2022 நவம்பரில் 54,990 ஆனது. அமெரிக்காவில் 2025 ஆகஸ்டில் 50 டாலர் உயர்ந்தது. கார்டுகளின் கதை வேறு. 2020 முதல் 2022 வரை எதீரியம் என்னும் மின்பணத்தை 'வெட்டி' எடுப்போர் கார்டுகளை மூட்டை மூட்டையாக வாங்கியதால் விலை எகிறியது. 2022 செப்டம்பரில் எதீரியம் அம்முறையைக் கைவிட்டதும் பழைய கார்டுகள் சந்தையில் கொட்டின. 2025-இன் இறுதியில் செயற்கை அறிவுக் கூடங்களுக்கான தேவையால் ரேம் விலை கடுமையாக ஏறியது. ஒரு பண்டத்தின் விலை, அதற்குத் தொடர்பே இல்லாத வேறொரு துறையின் தேவையால் ஆடுகிறது. தேவை வளைகோட்டை வரையும்போது வரைபவன் ஒருவனே வாங்குகிறான் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்!

படிப்புக்கும் ஆகுமா?

லங்காஸ்டருக்குத் திரும்புவோம். கணிப்பொறி படிப்புக்கும் ஆகும், ஆகவே கணிப்பொறியில் போடும் பணமே நல்ல பணம் என்பது பெற்றோர் முன் வைக்கப்படும் வலுவான வாதம். கணிப்பொறியே இல்லாத வீட்டுக்கு இது முழுக்கவும் உண்மை. அங்கே கன்சோல் பற்றிப் பேச்சே வேண்டா. ஆனால் ஏற்கெனவே கணிப்பொறி உள்ள வீட்டில் நாம் பார்க்க வேண்டியது மொத்தப் பயன்பாட்டை அன்று, இறுதிநிலைப் பயன்பாட்டை. இருபத்தைந்தாயிரம் ரூபாய்க் கார்டு மாட்டியபின் ஆய்வேட்டைத் தட்டச்சு செய்வது விரைவாகுமா? புள்ளியியல் கணக்கு முன்பைவிடச் சரியாக வருமா? காணொளித் தொகுப்பு, முப்பரிமாண வரைவு போன்றவை பயில்வோர் தவிர மற்றவர்க்குக் கார்டு சேர்க்கும் படிப்புப் பயன் சுழியம். படிப்புக்கு உதவும் உறுப்பு வேறு. சுழலும் ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போடுவதும், 4 ஜி.பி. ரேமை 8 ஆக்குவதும்தான் அது. செலவும் மிகச் சிறியது. ஆகையால் அப்பாவிடம் படிப்பு என்று சொல்லிக் கார்டு வாங்குவது, ஒரு பண்டத்தின் பெயரில் மற்றொரு பண்டத்தை விற்பதாகும்.

கன்சோல் பக்கமும் சொல்லப்படாத செலவுகள் உண்டு. அதற்குத் தொலைக்காட்சி வேண்டும். ஒரே தொலைக்காட்சி உள்ள வீட்டில் மாலை ஏழு முதல் பத்து வரை அது பொதுச் சொத்து. அம்மாவின் தொடரையும் தாத்தாவின் செய்தியையும் தாண்டி நமக்கு முறை வராது. பெரிய விளையாட்டு ஒன்று 100 ஜி.பி. வரை உள்ளது. நாளொன்றுக்கு 1.5 ஜி.பி. தரும் கைப்பேசித் திட்டத்தை நம்பினால் அதனை இறக்க 67 நாள் ஆகும். டிஸ்க் வாங்கினாலும் அதன்பின் வரும் திருத்தங்களை இறக்கியே ஆக வேண்டும். இந்தத் தொல்லை கணிப்பொறிக்கும் உண்டு, அங்கே டிஸ்க் என்ற பேச்சே இன்று இல்லை. மின்சாரம் பெரிதன்று. 200 வாட் பெட்டியை நாள்தோறும் இரண்டு மணி நேரம் ஓட்டினால் இருமாதக் கணக்கில் 24 யூனிட். 350 வாட் கணிப்பொறிக்கு 42.

இரண்டும் வேண்டா என்னும் மூன்றாம் வழியையும் வாய்ப்புச் செலவு என்ற தலைப்பில் எண்ண வேண்டும். கேமிங் சென்டரில் மணிக்கு 50 ரூபாய் என்று கொண்டால், 50,000 ரூபாய்க்கு ஆயிரம் மணி நேரம் கிடைக்கும். வாரம் ஆறு மணி நேரம் ஆடுபவனுக்கு இது மூன்று ஆண்டுக்கும் மேல் வரும். தேய்மானம், பழுது ஆகியவை கடைக்காரர் பாடு. கல்லூரிக் காலம் முழுவதும் இப்படியே கழித்துவிடலாம். நாள்தோறும் ஆடுபவனுக்கு மட்டுமே சொந்தப் பெட்டி கட்டும்.

எங்கள் துறை நண்பர் ஒருவர் இக்கேள்வியுடன் என்னிடம் வந்தார். மாலையில் இருசக்கர வாகன உதிரிபாகக் கடையில் வேலை செய்து, இரண்டு ஆண்டில் 48,000 ரூபாய் சேர்த்திருந்தார். வீட்டில் நான்காம் தலைமுறை இன்டெல் பொறி, மேலே சொன்ன மெல்லிய பெட்டி. தங்கை கணிப்பொறிப் பயன்பாட்டியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறார், அப்பொறியில்தான் செய்முறை. அதைப் பிரித்துப் போட்டு உயர்த்தினால் பணம் போதாது, நடுவில் நின்றுவிட்டால் தங்கைக்கு ஒரு பருவம் கெடும். மூன்றாம் வழியே மேல் என்று நான் சொன்னேன். "கடையை அடைத்துவிட்டு வர ஒன்பதரை ஆகும்டா. அந்த நேரத்தில் சென்டர் எங்கே திறந்திருக்கும்?" என்றார். நான் நேரத்தைப் பணமாக எண்ணினேனே தவிர, அது எந்த நேரம் என்று கேட்கவில்லை. அவர் வாதம் சரியென்றே பட்டது.

முடிவில் டிஸ்க் வசதியுள்ள பழைய கன்சோல் ஒன்றை 32,000-க்கு வாங்கினார். வாங்குமுன் மூன்று சோதனைகள் செய்தோம். தம் சொந்தக் கணக்கில் இணையத்தில் நுழைந்து பார்த்தார், ஏனெனில் விதி மீறியதற்காக நிறுவனம் தடை செய்த பெட்டிகள் இணையத்தில் சேரா. டிஸ்க் ஒன்றைப் போட்டு முழுதும் ஏறுகிறதா என்று பார்த்தோம். அரை மணி நேரம் ஓடவிட்டு மின்விசிறியின் இரைச்சலைக் கேட்டோம். பழைய கணிப்பொறிக்கு எஸ்.எஸ்.டி.யும் ரேமும் சேர்த்து 4,500. விண்டோஸ் 11 ஏறாது என்பதால் தங்கை லினக்ஸ் போட்டுக்கொண்டார். செய்முறைப் பாடத்துக்கு அதுவே போதுமாயிற்று. மீதி 11,500 தங்கையின் அடுத்த பருவக் கட்டணத்துக்கு ஒதுக்கப்பட்டது. பெட்டி இரவு பத்து மணிக்கு மேல், தொடர் முடிந்தபின் ஓடுகிறது. முதல் டிஸ்கை அவர் 1,800-க்கு வாங்கி, ஆடி முடித்து, 1,500-க்கு விற்றுவிட்டார். இரண்டாவது டிஸ்க் இப்போது எங்கள் விடுதியில் சுற்றில் இருக்கிறது.